கிணற்றுக்குக் கிழக்கு

"இந்தக் கிணறு எங்கம்மா இருக்கு?"

சேலம் கண்ணங்குறிச்சியில் இருந்த எங்கள் வீட்டை வாங்க வந்தவர்களுக்குக் கடன் கொடுக்கவிருந்த பேங்கின் வக்கீல் கேட்டார். அவர் கையில் இருந்தது அப்பா பேரில் 1983இல் எழுதிய கிரயப் பத்திரம். மூன்றாம் பக்கத்தில் ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். 'மேற்படி மனைக்கு மேற்கில் உள்ள பொதுக் கிணற்றில் கால் பாகம் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியமும், கிணற்றுக்குப் போய்வர 10 அடி நடைபாதை பாத்தியமும் உள்பட' என்று இருந்தது.

"மூடியாச்சுங்க சார். பக்கத்து வீட்டு போர்ட்டிகோவுக்கு அடியில இருக்கு."

"எப்ப மூடினீங்க? ரிஜிஸ்டர் பண்ணின பேப்பர் ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப உங்க கால் பாகம் இன்னும் அங்கதான் இருக்கு" என்றார். அவர் அதை ஒரு சிக்கலாகத்தான் சொன்னார். எனக்கோ அன்று முழுக்க அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், பீரோவில் இருந்த பத்திரங்களையெல்லாம் எடுத்து அம்மாவின் கட்டிலில் பரப்பிவைத்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

அம்மா போன வருடம் தவறினார். அப்பா 2009இலேயே போய்விட்டார், உயில் எதுவும் எழுதாமல். அக்கா ஆத்தூரில், தம்பி ஓசூரில், நான் ஈரோட்டில். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வந்து பெருக்கி, மோட்டார் போட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். மற்ற இருவருக்கும் பணம் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்ளும் வசதி எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை. சண்டை எதுவும் வரவில்லை. அது அம்மா வளர்த்த விதம். விற்றுவிடலாம் என்று முடிவானதும் பத்திர வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி. பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதல் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் மனைக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டே கிரயம் வந்தது. 1978இல் 4,800 ரூபாய். 1983இல் 14,000 ரூபாய். அப்புறம் வீடு கட்ட வாங்கிய கடனுக்கு ஒரு அடமானம், அது தீர்ந்ததற்கு ஒரு ரசீது. அவ்வளவுதான் வரலாறு என்று அந்தத் தாள் சொல்லும். விலை ஏறியதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் படலாம். ஆனால் பத்திரத்தில் உள்ள விலையை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன். நம் ஊரில் கைமாறிய தொகை ஒன்று, பத்திரத்தில் ஏறிய தொகை ஒன்று என்பது வெகுகால வழக்கம். முத்திரைத் தீர்வை மிச்சம் என்று எல்லோரும் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதிக்கொண்டார்கள். அந்த 14,000கூட அப்பா உண்மையில் எவ்வளவு கொடுத்ததற்கு ஈடு என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஒரு வீட்டின் கதை விலையில் இல்லை, செக்குபந்தியில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செக்குபந்தி என்றால் நான்கு எல்லை. பத்திரத்தின் கடைசியில், சொத்து விவரம் என்ற தலைப்பின் கீழ் வரும். பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போடும் அவசரத்தில் அதை வாசிப்பதே இல்லை; சர்வே எண்ணும் சதுர அடியும் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். அது எழுதப்படும் முறையே தனி. நம் இடத்துக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று பத்திரம் சொல்லாது. ரோட்டுக்குத் தெற்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் பூமிக்கு வடக்கு, கிணற்றுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ளது என்றுதான் சொல்லும். நான்கு பக்கமும் இருப்பவர்களைச் சொல்லி, அவர்களுக்கு நடுவில் நம்மைக் கொண்டுபோய் வைக்கும். அண்டை அயல் இல்லாமல் நமக்கு அங்கே இடமே கிடையாது.

எங்கள் தாய்ப்பத்திரம், அதாவது மனையாகப் பிரிப்பதற்கு முன் நிலம் முழுவதற்கும் எழுதிய பத்திரம், 1958ஆம் வருடத்தது. மூலம் எங்களிடம் இல்லை. மனை பிரித்து விற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு, வாங்கியவர்களுக்கு நகல்தான் கொடுப்பார்கள். அப்பாவிடம் இருந்த நகல் மங்கிப்போயிருந்ததால் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டு இன்னொன்று வாங்கினேன். 1 புத்தகம், தொகுதி எண், பக்க எண் என்று கொடுத்தால், எழுத்தர் ஒருவர் அந்தக் காலத்தில் கையால் பெயர்த்து எழுதிவைத்த பக்கங்களின் பிரதி வரும். முத்து முத்தான சாய்ந்த எழுத்து. கண்ணங்குறிச்சியைச் சேர்ந்த ஒரு விவசாயி, செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் ஒருவருக்கு 1 ஏக்கர் 40 சென்ட் புஞ்சையை 1,900 ரூபாய்க்குக் கிரயம் செய்துகொடுக்கிறார். கணக்குப் போட்டால் சதுர அடி மூன்று பைசா. 'என் மூத்த குமாரத்தியின் விவாகச் செலவுக்காகவும், கைமாற்றுக் கடன் தீர்க்கவும்' என்று காரணமும் எழுதியிருக்கிறது. அந்தக் காலப் பத்திரங்களில் விற்பவர் ஏன் விற்கிறார் என்று எழுதிவிடுவார்கள். இப்போதெல்லாம் 'குடும்ப நன்மைக்காக' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம்.

அந்தப் பத்திரத்தின் செக்குபந்தி இது: மூக்கனேரிக்குப் போகும் இட்டேரிக்கும் தெற்கு, ஓடைக்கும் மேற்கு, இன்னார் பட்டா பூமிக்கும் வடக்கு, கிணற்றுக்கும் கவலைத் தடத்துக்கும் கிழக்கு. (கவலை என்றால் மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. அந்த மாடுகள் நடந்த தடம்தான் கவலைத் தடம்.)

இதை வாசித்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வாசலுக்குப் போனேன். வடக்கே எங்கள் வீட்டு முன்னால் ஓடும் 20 அடி ரோடுதான் அந்த இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி போகும் அளவுக்குத் தடம், அதுதான் இட்டேரி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ரோட்டோரத்தில் கிளுவை மரங்கள் நின்றன. யாரோ வேடிக்கையாக நட்டது என்று நினைத்திருந்தேன். அது வேலியின் மிச்சம். அந்த ரோட்டிலேயே நேராக நடந்தால் மூக்கனேரிக் கரைக்குப் போய்ச் சேரலாம். ஏரிக்குப் போன தடம் இன்றும் ஏரிக்குத்தான் போகிறது.

அப்புறம் ஓடை. அந்த ஓடையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் கிழக்குப் பக்கத்து மனைகளில் ஐப்பசி மழைக்கு ஏன் தண்ணீர் ஏறுகிறது, தெரு முனையில் ஏன் அவ்வளவு பெரிய சாக்கடைப் பாலம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 1979இல் ஆரம்பித்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்று சொல்வார்களே, அதில் நிலங்களை எல்லாம் ஏக்கர் கணக்கிலிருந்து ஹெக்டேருக்கு மாற்றிப் பதிந்தார்கள். அதற்குப் பின் வந்த சர்வே வரைபடமான புலப்படத்திலும் அந்த ஓடை வளைந்து ஓடுகிறது. தாளில் மட்டும். எங்கள் வீடு கட்டிய கொத்தனார் அந்தப் பக்கத்து ஆள். "வாத்தியாரய்யா, இங்க தண்ணி வரத்து உண்டு, மூணு அடி தூக்கிக் கட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் கேட்டார். நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. படி ஏற வேண்டியிருக்கிறதே என்று கடைசிக் காலத்தில் அம்மா மட்டும் குறைப்பட்டுக்கொள்வார்.

அதே பத்திரத்தில் நான் அதிக நேரம் நின்ற இன்னொரு வரி உண்டு. 'நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் அஷ்டபோக பாத்தியங்களும் உள்பட.' பழைய பத்திரங்களில் எல்லாம் மந்திரம் மாதிரி வரும் வரி. புதைந்த பொருள், வைத்த பொருள், தண்ணீர், கல், நிலைத்து இருப்பது, இனி வருவது, விளைந்தது, விளையக்கூடியது என்று எட்டு விதமான அனுபோகம். மண்ணை மட்டும் விற்க முடியாது, அதன் தண்ணீரையும் கல்லையும், இன்னும் வராததையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள்.

1971இல் மண்டிக்காரரின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூன்று மகன்களுக்கு மூன்று ஷெட்யூல். இரண்டு மகள்களைப் பற்றி ஒரே ஒரு வரி: 'விவாகமாகி, சீர் செனத்திகள் செய்யப்பட்டுவிட்டபடியால் யாதொரு பாத்தியமும் இல்லை.' அன்றைய சட்டத்தில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை கிடையாது. தமிழ்நாட்டில் அது மாறியது 1989 மார்ச் 25இல், அதுவும் அந்தத் தேதியில் கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும். நாடு முழுக்க, கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்ற பேதமில்லாமல் வந்தது 2005இல். எங்கள் வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்பதால் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் சமமாகக் கால் கால் பங்கு. அம்மாவுக்குப் பின் அவர் பங்கும் மூவருக்கும் சமம். தம்பி ஒரு வார்த்தை மாற்றிப் பேசவில்லை. ஆனாலும் பத்திரம் எழுதும் ஆபீஸில், அக்காவையும் என்னையும் முன்னால் வைத்துக்கொண்டே, "அக்காங்க ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரம் போட்டுத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துட்டா வேலை சுலபமுங்களே" என்றார் ஒருவர். வேலை அவருக்குச் சுலபம். அக்கா அமைதியாக, "நாங்க மூணு பேரும் கையெழுத்துப் போடுறோமுங்க" என்றாள். அந்த 1971 வரியை அவள் வாசித்திருக்கவில்லை. நான் வாசித்திருந்தேன், அதனால் அவள் சொன்னது எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது.

மூன்று மகன்களில் ஒருவர் தன் பாகத்தை மனை போட்டு விற்றார். அதுதான் 1978. 40க்கு 60 மனை, 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். பஞ்சாயத்தில் மட்டும் ஒப்புதல் வாங்கிய மனைப்பிரிவு. (இதனால் 2016க்குப் பிறகு எங்களுக்கும் கொஞ்சம் அலைச்சல் வந்தது. அந்த வருடம் அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ள அரசு வழி செய்தது. கட்டணம் கட்டி அம்மா முடித்துவைத்திருந்தார். பழைய மனையில் வீடு வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள், விற்கும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.) முதலில் வாங்கியவர் ஒரு பஸ் கண்டக்டர். வீடு கட்டவில்லை. ஐந்து வருடம் கழித்து அப்பாவிடம் விற்றார். அப்பா அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர், அரசுப் பள்ளியில் வாத்தியார். மனை பார்க்க வந்த அன்றைக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் தாண்டி இத்தனை தூரமா என்று அம்மா அழாத குறை. ஏற்காடு ரோட்டில் டி.ஆர்.சுந்தரம் 1930களில் ஆரம்பித்து, நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டூடியோதான் அன்றைக்கு ஊரின் எல்லைக்கல் மாதிரி. இன்றைக்கு அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே எல்லாம் குடியிருப்பு.

1978 பத்திரத்தின் செக்குபந்தியில் இட்டேரி '20 அடி ரோடு' ஆகிவிட்டது. ஓடை 'மனை எண் 8' ஆகிவிட்டது. பூமிக்காரர் பேர் போய் அதுவும் மனை எண் ஆகிவிட்டது. கிணறு மட்டும் கிணறாகவே இருந்தது. கவலைத் தடம் நடைபாதையாக மாறி, நான்கு மனைகளுக்குப் பொதுவாக, ஆளுக்குக் கால் பாகம்.

அந்தக் கிணற்றைப் பற்றி எழுதாமல் இந்த வீட்டைப் பற்றி எழுத முடியாது. சதுரக் கிணறு. மேலே பாதி ஆழத்துக்குக் கருங்கல் கட்டு, அதற்குக் கீழே குடைந்த பாறை. ஒரு பக்கச் சுவரில் கற்பலகைகளைச் செருகிப் படி விட்டிருப்பார்கள், கைப்பிடி கிடையாது. அக்காவுக்கும் எனக்கும் நீச்சல் அங்கேதான். காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி, கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா மேல்படியில் நிற்பார். பெண்பிள்ளைகளுக்கு எதுக்குங்க இது என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. கயிற்றை மட்டும் கொஞ்சம் தளர்த்துவார். தண்ணீர் முதலில் சில்லென்று இருக்கும். ஒரு ஆள் ஆழம் கீழே போனால் இன்னும் சில்லிடும்.

கிணற்று மேட்டில் கவலைக் கல் ஒன்று கிடந்தது. மாடு கட்டி இறைத்த காலத்தில் கயிறு உராய்ந்து உராய்ந்து அந்தக் கருங்கல்லில் ஒரு தடம் விழுந்திருந்தது. என் கட்டைவிரல் முழுக்க உள்ளே போகும். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. கிணறு மூடியபோது அப்பா அந்தக் கல்லைக் கடப்பாரை போட்டு உருட்டி வந்து பின்வாசலில் துவைக்கிற கல்லாகப் போட்டார். சோப்புத் தண்ணீர் அந்தத் தடத்தில்தான் ஓடிப்போகும்.

மூடியது 1998இல். மேட்டூர்க் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்திருந்தது. சேலம் ஒரு காலத்தில் பனமரத்துப்பட்டி ஏரியை நம்பியிருந்த ஊர். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபின் மெல்ல மெல்லக் காவிரி ஊருக்குள் வந்து, எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. குழாயில் குடிநீர், வீட்டுக்கு வீடு போர்வெல். கிணற்றில் இறங்க ஆள் இல்லை. குப்பை விழுந்தது. ஒரு நாள் ஆட்டுக்குட்டி விழுந்தது. அதற்கடுத்த மாதம் ஒரு குழந்தை கைப்பிடி இல்லாத படியில் இரண்டு படி இறங்கிவிட்டது. நான்கு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கட்டட இடிபாடும் செம்மண்ணுமாக ஐந்து நாள், அறுபதுக்கும் மேல் லாரி லோடு உள்ளே போனது. ஒரு வாரத்தில் தரை சமமாகிவிட்டது. மேற்கு வீட்டு மாமா தன் பக்கத்தோடு சேர்த்துச் சுவர் எடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும்தான்.

2003இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டது. முன்வாசலில் மூன்றடிக் குழி வெட்டி, ஜல்லி கொட்டி, மாடித் தண்ணீரை அதில் விட்டோம். அப்பா குழிப் பக்கத்தில் நின்றுகொண்டு மேற்கு வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு வருஷம் பொறுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நாற்பதடிக் குழியை மூடிவிட்டு மூன்றடிக் குழி வெட்டிக்கொண்டிருந்தோம்.

வீடு பார்க்க வந்தவர்களிடம் புரோக்கர் சொன்ன வசதிகள் எல்லாம் உண்மைதான். ஏற்காடு ரோடு பக்கம், கோரிமேட்டில் மகளிர் கலைக் கல்லூரி, அஸ்தம்பட்டியில் உழவர் சந்தை, குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ். வாங்க வந்த பெண் சேலம் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி டூட்டி முடிஞ்சு காலைல வந்தா பஸ் நேரத்துக்குக் கிடைக்குமாங்கக்கா?" கிடைக்கும் என்றேன். இரண்டாவது கேள்வி, "பகல்ல தூங்கணும், இங்க சத்தம் இருக்குமா?" தேர்தல் நேரமும் ஆடி மாதமும் தவிர இருக்காது என்றேன். ஆடி வந்தால் சேலத்தில் எந்தத் தெருவிலும் தூங்க முடியாது; கோட்டை மாரியம்மனில் ஆரம்பித்து ஊரிலுள்ள அத்தனை மாரியம்மனுக்கும் ஒரே நேரத்தில் திருவிழா. அவளும் சேலத்துப் பெண்தான், சிரித்துக்கொண்டாள்.

நான் அவளிடம் புரோக்கர் சொல்லாததைச் சொன்னேன். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் வடக்கே காட்டினேன். சேர்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கும். ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி விளக்குகள் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். வெயில் காலத்திலும் நடு ராத்திரிக்குமேல் மலைக்காற்று இறங்கும். அம்மா இருந்தவரை ஏசி வேண்டாம் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கிப் புது ஏரிக்கு வரும், அது நிறைந்தால் மூக்கனேரிக்கு. இந்தத் தெருவின் தண்ணீர் எல்லாம் அந்த ஏரியின் தயவு. சுமார் 58 ஏக்கர் ஏரி. ஆகாயத்தாமரையும் குப்பையுமாகக் கிடந்ததை 2010 வாக்கில் ஊர் மக்கள் சேர்ந்து, நிதி திரட்டித் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. எங்கள் போர்வெல்லில் அதற்கு முந்தைய கோடையில் காற்றுதான் வந்தது. ஏரி நிறைந்த பிறகு அந்த நிலை வரவில்லை. வீட்டுக்கு ஒரு வசதி என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஏரியைத்தான் சொல்வேன். பஸ்ஸும் பள்ளிக்கூடமும் எங்கே வேண்டுமானாலும் வந்துவிடும்.

சரி, கிணற்றுக்கு வருகிறேன். வக்கீல் சொன்னது நியாயம். 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் ஒரு பாத்தியத்தை விட்டுக்கொடுத்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் சொல்கிறது. 1998இல் எழுதியது வெறும் தாள். அதுவும் இப்போது யாரிடமும் இல்லை. பத்திரம் எழுதுபவர் சுலபமான வழி சொன்னார். "கிணத்தைப் பத்தின வரியையே எடுத்துடலாம்மா. மேக்கால இன்னார் வீடுன்னு போட்டுட்டு முடிச்சுக்கலாம்."

எனக்கு மனசு வரவில்லை. 1958இலிருந்து ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இட்டேரி போனது, ஓடை போனது, பூமிக்காரர் பேர் போனது. ஓடையை எழுதாமல் விட்டதால்தான் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருடா வருடம் மண்மூட்டை அடுக்குகிறார்கள். எழுத்திலிருந்தும் போய்விட்டால் அடுத்து வருகிறவருக்கு என்ன தெரியும்? எங்கே தோண்டலாம், எங்கே தூண் போடக் கூடாது என்று யார் சொல்வார்கள்?

மேற்கு வீட்டு மாமாவிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர். நான் கிணற்றுப் பேச்சை எடுத்ததும் அவர் மகன் முகம் மாறியது, இவ்வளவு வருடம் கழித்துப் பாத்தியம் கேட்கிறாளோ என்று. மாமா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"பாத்தியம் வேண்டாமுங்க மாமா. கிணறு இங்கதான் இருந்துச்சுன்னு மட்டும் எழுதிக்கறேன். நீங்க சரின்னா."

"இருந்ததை இருந்துச்சுன்னு எழுதறதுல எனக்கென்ன கண்ணு நஷ்டம்" என்றார். அப்புறம் போர்ட்டிகோ தரையைக் காட்டினார். நடுவில் நான்கு டைல்ஸ் லேசாக இறங்கிக் கிடந்தன. "எத்தனை தடவை பேத்துப் போட்டாச்சு. மழை பேஞ்சா இறங்குது. உள்ள இன்னும் அடங்கல."

ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் அவசரம். ஆனி கடைசி வாரத்தில் கிரயம் ஆனது. 92 லட்சம், முழுத் தொகையும் பத்திரத்திலேயே எழுதினோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவே எட்டு லட்சத்தைத் தாண்டியது. பாவம், அந்தப் பெண்ணும் அவள் கணவரும்தான் கட்டினார்கள். கேமரா முன்னால் உட்கார்ந்து, விரல் ரேகை வைத்து, அரை மணியில் வெளியே வந்துவிட்டோம். சாவியைக் கொடுத்தபோது தம்பி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். துவைக்கிற கல்லை நான் எடுத்துப் போகலாமா என்று மனதுக்குள் இருந்தது. கேட்கவில்லை. அது அந்த மண்ணின் கல். பாஷாணம் உள்பட என்று எழுதிக்கொடுத்துவிட்டோமே.

புதுப் பத்திரத்தின் மேற்கு எல்லை இப்படி இருக்கிறது: 'முன்பு பொதுக் கிணறாக இருந்து தற்சமயம் மூடப்பட்டுள்ள இடத்துக்கும் கிழக்கு.'

ஐப்பசியில் ஒரு ராத்திரி அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. மூன்று நாளாகச் சேலத்தில் மழை என்று செய்தியில் பார்த்திருந்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதோ என்று பதறித்தான் எடுத்தேன்.

"அதெல்லாம் இல்லீங்கக்கா. மேக்கு வீட்டுத் தாத்தா போர்ட்டிகோ ரெண்டு விரக்கடை இறங்கிடுச்சு. இந்த வாட்டி டைல்ஸ் போட வேண்டாம், பேத்துட்டு அதுலயே மழைத்தண்ணி விடுற மாதிரி பண்ணிடலாம்னு பேசிட்டு இருக்காங்க. நாலு வீட்டு மாடித் தண்ணியும் அங்க போற மாதிரி. தாத்தாதான் ஆரம்பிச்சார். உங்க பழைய பத்திரத்துல கிணறு எத்தனை அடின்னு இருக்குமாக்கா?"

இரு என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்தேன். 1958ஆம் வருட நகல் மேலேயே இருந்தது. சாய்ந்த எழுத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். வடமேற்கு மூலையில், அடி 18க்கு 18 சதுரத்தில், அடி 42 ஆழமுள்ள கட்டுக் கிணறு.

"பதினெட்டுக்குப் பதினெட்டு" என்று அவள் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.